கூலின்னா காசா, ஆளா?

போன மாசம் ஒரு பதிலுக்கு நடுவுல "கூலிங்கிறது நல்ல தமிழ்ச் சொல்லு"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த கடிதாசும் வட்ஸ்அப்பும் இன்னும் நிக்கல. சந்தோசப்பட்டவங்க இருக்காங்க, கோவப்பட்டவங்களும் இருக்காங்க, கேள்வி கேட்டவங்கதான் கூட. அதனால இந்த மாசம் வேற எதையும் எடுக்கல, இந்த ஒரு சொல்லு மட்டுந்தான்.

கேள்வி: சேர், நான் பொகவந்தலாவைப் பக்கம். இந்த வருசம் பேராதனை கெம்பஸ் கிடைச்சிருக்கு. ரூம் தேடி அம்மாவும் நானும் போனப்ப ஒரு வீட்டுக்காரம்மா சிங்களத்துல பேசினாங்க, அதுல ரெண்டு மூனு தடவை "குலிய, குலிய"ன்னு வந்துச்சு. எனக்கு வெளங்கிச்சு, அம்மாவுக்கு வெளங்கல. பஸ்ல ஹட்டன் வர்ற வரைக்கும் ஒன்னும் பேசாம வந்துட்டு அப்புறமா "அந்தம்மா நம்மளப் பாத்துக் கூலின்னா சொன்னிச்சு?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா அது வாடகைன்னு சொன்னேன், நம்பல. ரெண்டும் ஒரே சொல்லா சேர்? அப்புடின்னா இங்கிலீஷ்ல எப்புடி நம்மளச் சொல்லுற சொல்லா ஆச்சு?

பதில்: மகள், மொதல்ல இத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. அந்தம்மா சொன்னது வாடகையத்தான். சிங்களத்துல "குலிய"ன்னா வாடகை, "கெவல் குலிய"ன்னா வீட்டு வாடகை, செவுத்துல "காமரயக் குலியட்ட"ன்னு ஒட்டியிருந்தா ஒரு ரூம் வாடகைக்கு இருக்குன்னு அர்த்தம். வேன், கதிரை மேசை, பெரிய சட்டி பானை, எதையும் குலியட்ட எடுக்கலாம், குடுக்கலாம்.

அந்தச் சொல்லு நம்மகிட்ட இருந்து அங்க போனதுதான், நம்ம "கூ" அங்க போயி "கு"ன்னு குறுகிருச்சு. வாடகைக்கு ஏன் கூலின்னு சொல்லணும்னு அம்மா கேக்கலாம். நம்ம தமிழ்லயே வீட்டு வாடகைக்கு குடிக்கூலின்னு ஒரு பேரு உண்டு, வண்டி பிடிச்சா வண்டிக்கூலின்னு இன்னைக்கும் சொல்லுறோம் இல்லையா, அந்தப் பொருளத்தான் சிங்களம் எடுத்துப் பத்திரமா வச்சிருக்கு, நாம வாடகைன்னு மாறிட்டோம். ஒருத்தரோட உழைப்பையோ பொருளையோ பயன்படுத்தினா அதுக்குத் திருப்பிக் குடுக்கிறதுதான் கூலி. அந்தச் சொல்லுக்குள்ள மேலும் இல்ல கீழும் இல்ல, குடுக்க வேண்டியதக் குடுக்கணும்ங்கிற ஞாயம் மட்டுந்தான் இருக்கு.

வள்ளுவர் சொல்லியிருக்காரு பாருங்க, 619-வது குறள், "தெய்வத்தான் ஆகாது எனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்". கடவுளால முடியாட்டியும் நீ உடம்பு வருந்திப் பாடுபட்டதுக்கு உள்ள பலன் கிடைக்கும்னு சொல்ல வர்ற எடத்துல அந்தப் பலனுக்கு அவர் எடுத்த சொல்லு கூலி. கேவலமான சொல்லா இருந்தா தெய்வத்துக்குப் பக்கத்துல கொண்டுபோயி வச்சிருப்பாரா.

இன்னைக்கும் நகைக்கடையில செய்கூலி, தைக்கக் குடுத்தா தையல்கூலி, மில்லுல மாவுக்கு அரைப்புக்கூலி, லொறியில மூட்டைக்கு ஏத்துக்கூலி எறக்குக்கூலி. எல்லாமே காசு, எதுலயும் ஆள் இல்ல. ஆளைச் சொல்லணும்னா கூலியாள், கூலிக்காரர்னு பின்னால ஒன்னு சேத்தாகணும். மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாத்துலயும் இதே சொல்லு, இதே அர்த்தந்தான். கேரளாவுல "நோக்குகூலி"ன்னு ஒன்னு இருந்துச்சு, நம்ம சாமான நாமளே எறக்கினாலும் சும்மா நின்னு பாத்த சுமைத் தொழிலாளிகளுக்குக் காசு குடுக்கணும், 2018-ல அங்க அரசாங்கம் அதத் தடை செஞ்சிருச்சு. பாக்கிறதுக்குக் கூலி, அப்பவும் கூலிங்கிறது காசுதான் பாருங்க.

சரி, காசு எப்படி ஆளாச்சு? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், இங்கிலீஷ்காரர்னு ஒவ்வொருத்தரா இந்தக் கரைகளுக்கு வந்தாங்க, சாமான் ஏத்தி எறக்க நாள் கணக்குல ஆள் பிடிச்சாங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஆளுங்க கேட்டது கூலி. கேட்ட காசோட பேரக் கேட்டவங்க மேலயே போட்டுட்டாங்கன்னுதான் நான் நெனைக்கிறேன். அகராதிக்காரங்க இன்னொன்னும் சொல்லுவாங்க, குஜராத் பக்கம் "கோலி"ன்னு ஒரு சமூகம் இருக்கு, மேற்குக் கரையில வெள்ளைக்காரங்க மொதல்ல பழகினது அவங்களோட, அந்தப் பேருதான் திரிஞ்சு வந்துச்சுன்னு. ரெண்டும் ஒன்னுல ஒன்னு கலந்திருக்கும்ங்கிறதுதான் என் முடிவு, ஏன்னா ஆளைக் குறிக்கிற அர்த்தம் அந்தப் பக்கத்துல இருந்து வந்திருந்தாலும் இந்தியப் பெருங்கடல் பூரா அது பரவி நின்னதுக்கு நம்ம ஆளுங்க வாயில கூலிங்கிற சொல்லு தெனமும் இருந்ததும் ஒரு காரணம்.

அதுக்குப் பொறகு நடந்தது ஒங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் தன்னோட நாடுகள்ல அடிமை முறைய நிப்பாட்ட 1833-ல சட்டம் போட்டான், தோட்டத்துக்கு ஆள் இல்ல, 1834-லயே மொரிசியஸுக்கு ஒப்பந்தத்துல ஆள் ஏத்த ஆரம்பிச்சாங்க, அப்புறம் கயானா, நேட்டால், பிஜி. நம்மவங்க இந்தியாவுல இருந்து இங்க இலங்கைக் கோப்பித் தோட்டத்துக்கு மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தாங்க. லூல்கந்துறையில ஜேம்ஸ் டெய்லர் 1867-ல தேயிலை போட்டாரு, 1869-ல கோப்பியில எலை நோய் வந்துச்சு, கோப்பி போயி மலை பூரா தேயிலையாச்சு, ஆனா கணக்குப் புத்தகத்துல நம்மவங்க மட்டும் மாறல, கோப்பியிலயும் கூலி, தேயிலையிலயும் கூலி. வரிசை வரிசையாக் கட்டின குடியிருப்பு, அந்த லயத்துக்குப் பேரு "கூலி லைன்ஸ்", பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பரா. புதுசா வந்த சின்னத் தொரைமாருக்குத் தமிழ் சொல்லிக் குடுக்க அச்சடிச்ச கைநூலுக்குக் கூட "கூலித் தமிழ்"னுதான் பேரு வச்சாங்க, வள்ளுவர் எழுதின அதே தமிழுக்கு.

இன்னொன்னும் எழுதணும் மகள், அம்மாவுக்கு இது நல்லாத் தெரியும், வெளியில உள்ளவங்களுக்குத் தெரியாது. தோட்டத்துல ஒரு நாள் சம்பளத்துக்குப் பேரே "பேரு"தான். சொன்ன கிலோ எடுத்தா ஒரு பேரு, கொறஞ்சா அரைப்பேரு, இந்த மாசம் எத்தனை பேரு விழுந்துச்சுன்னுதான் ஒருத்தரை ஒருத்தர் கேப்பாங்க. எங்க அப்பாயி மஸ்கெலியாப் பக்கம் கொழுந்தெடுத்தவங்க. அந்தி தராசுல கொழுந்தப் போட்டுட்டு கணக்கப்பிள்ளையோட செக்ரோல, அதாவது பேரு பதியிற புத்தகத்த, எட்டி எட்டிப் பாப்பாங்க. எழுத்துத் தெரியாது, ஆனா பென்சில் மேலருந்து கீழ ஒரே இழுப்புல நின்னா முழுப்பேரு, குறுக்க ஒரு கோடு போட்டுக் கீழ இன்னொன்னு எழுதினா அரைப்பேரு, அது தெரியும். குறுக்குக்கோடு விழுந்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து கூடையக் கழட்டி வைக்கிற சத்தத்துலயே எங்களுக்கு வெளங்கிரும். இத நெனைக்கிறப்ப எல்லாம் எனக்குத் தோணுறது, வெள்ளைக்காரன் பாசையில காசோட பேரு ஆளு மேல விழுந்துச்சு, நம்ம தோட்டத்துப் பாசையில ஆளோட பேரு காசு மேல விழுந்துச்சு. அவன் கூலின்னு கூப்புட்டான், இவங்க தன்னோட பேரக் குடுத்து அந்தக் காச வாங்கினாங்க.

அம்மாகிட்ட அந்த ரூமையே எடுக்கச் சொல்லுங்க, தண்ணி வசதி இருந்தா.

கேள்வி: கூலிங்கிறது சீனச் சொல்லு, "கசப்பான பலம்"னு அர்த்தம்னு யூடியூப்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்லுறாரு. பிள்ளைகளுக்கு எதச் சொல்லிக் குடுக்கிறது? (ஒரு ஆசிரியர், ஹட்டன்)

பதில்: அர்த்தம் சரி, பொறப்பு பிழை. சீனத்துல "கூலி"ன்னு ரெண்டு எழுத்து இருக்கு, "கூ"ன்னா கசப்பு, கஷ்டம், "லி"ன்னா பலம். ஆனா சொல்லு அங்க பொறக்கல. சீனத்துக்கு வெளிச் சொல்லு ஒன்னு வந்தா அவங்ககிட்ட நம்மள மாதிரி ஒலிய மட்டும் எழுதுற எழுத்து இல்ல, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு, அதனால சத்தமும் ஒத்துவரணும் அர்த்தமும் பொருந்தணும்னு தேடிப் பொறுக்குவாங்க. கொக்கா கோலாவுக்கு அவங்க பொறுக்கின எழுத்துக்கு வாய்க்கு ருசி, மனசுக்குச் சந்தோசம்ங்கிற மாதிரி அர்த்தம் வரும். அதுக்காக கொக்கா கோலா சீனச் சொல்லுன்னு யாராவது சொல்லுவாங்களா?

ஆனா பிள்ளைகளுக்கு இதச் சும்மா பிழைன்னு சொல்லிட்டுப் போயிராதீங்க சேர், ஏன்னா அந்த எழுத்தப் பொறுக்கினதுக்குப் பின்னால பெரிய கதை இருக்கு. 1847-ல இருந்து சீனத்து ஆளுங்களையும் கப்பல் கப்பலா கியூபாவுக்கு ஏத்தினாங்க, பெருவுக்கு ஏத்தினாங்க, கரும்புக்கு, பறவை எச்ச உரம் வெட்ட. அவங்களையும் அதே சொல்லாலதான் கூப்புட்டாங்க. அந்த ஒலிக்குச் சீனத்துல எத்தனையோ எழுத்து வச்சிருக்கலாம், நின்னது கசப்பும் பலமும். நம்மகிட்ட அந்தச் சொல்லுக்குள்ள கிடைக்க வேண்டிய காசு இருந்துச்சு, அவங்க கையில போனப்ப பட்ட பாடு அதுக்குள்ள ஏறிருச்சு.

கேள்வி: தங்கச்சி வீட்டுக்காரர் ஜெர்மனியில இருக்காரு. அங்க பேனாவ "குலி"ன்னு சொல்லுவாங்களாமே, உண்மையா அண்ணே? (தலவாக்கலை)

பதில்: உண்மைதான். போல்பொயின்ட் பேனாவுக்கு அங்க "கூகல்ஷ்ரைபர்"னு நீட்டுப் பேரு, அதச் சுருக்கி குலின்னு சொல்லுறாங்க. அப்ப நம்ம சொல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு விட்றலாமான்னா அதுவும் முடியாது, ஏன்னா அதுக்கு முந்தியே 1920-கள்ல அங்க "டின்டென்குலி"ன்னு ஒரு மைப்பேனா வந்துச்சு, டின்டென்னா மை, குலின்னா நம்ம கூலி, அதாவது மை தூக்குற கூலியாள். அந்தப் பேரு பழகின வாய்க்குப் புதுப் பேனாவக் குலின்னு சுருக்குறது லேசாப் போச்சு. ரயில் ஸ்டேசன்ல பெட்டி தள்ளுற வண்டிக்கு "கொஃபர்குலி"ன்னு பேரு, கொஃபர்னா பெட்டி, அது நேராவே நம்ம கூலிதான். மனுசன் தூக்கின பெட்டிய வண்டி தூக்குது, பேரு மட்டும் அப்புடியே வண்டிக்குப் போயிருச்சு.

இதுல எனக்கு ஆச்சரியமா இருக்கிறது இந்தோனேசியா. அங்க கட்டட வேலையாளுக்கு "கூலி பங்குனான்", பத்திரிகையில எழுதுறவங்களுக்கு "கூலி தின்தா", மைக்கூலி. ஜெர்மன்காரன் பேனாவுக்கு வச்ச பேர இவங்க எழுதுற ஆளுக்கு வச்சிருக்காங்க. அங்கயே "கூலியா"ன்னா கெம்பஸ் படிப்பு, அது வேற, அரபியில இருந்து வந்தது, கேக்கிறதுக்கு மட்டுந்தான் ஒன்னு மாதிரி. வியட்நாம்ல "கு லி"ன்னு எழுதினா சுமை தூக்குறவரும் அதுதான், தேவாங்கும் அதுதான், நம்ம ஹோர்ட்டன் சமவெளிக் காட்டுல ராத்திரியில கண்ணு மின்னுமே அந்த வகை.

கேள்வி: ஹைதராபாத் போய்ட்டு வந்தேன். அங்க அரசர்மாருக்கே பேரு "குலி". முஹம்மது குலி குதுப் ஷா. அரசன் எப்புடிக் கூலியாவான்? எங்கட பக்கம் கைக்கூலின்னா கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் குடுக்கிற காசு, அதையும் சேத்துச் சொல்லுங்க. (அக்குறணை)

பதில்: நானா, நல்ல கேள்வி. 1591-ல ஹைதராபாத்தக் கட்டினவருக்குப் பேரு அதுதான், அந்த வம்சத்த ஆரம்பிச்சவரும் சுல்தான் குலி. இந்தக் குலி துருக்கிப் பாசை. அங்க "குல்"னா அடிமை, ஊழியன். இமாம் குலின்னா இமாமோட ஊழியன், அலி குலின்னா அலியோட ஊழியன், அப்துல்லாஹ்ல வர்ற "அப்து" மாதிரி, எங்க பக்கத்துல தாசன், அடியான்னு பேரு வைக்கிற மாதிரி. பெரியவனுக்குப் பணிஞ்சவன்னு சொல்லிக்கிறதுல அவங்களுக்குப் பெருமை இருந்துச்சு. துருக்கிச் சுல்தானோட படைக்காரங்களுக்கும் "கப்பிகுலு"ன்னு பேரு, வாசலோட அடிமைங்க, ஆனா ஊரையே ஆட்டி வச்சவங்க.

அந்தக் குலிக்கும் நம்ம கூலிக்கும் பொறப்புல ஒட்டு ஒறவு இல்ல. ஆனா உருதுல ரயில் ஸ்டேசன் குலிய எழுதுறப்ப அந்தத் துருக்கிச் சொல்ல எழுதுற அதே "காஃப்" எழுத்தாலதான் எழுதுறாங்க, அதனால கூலிங்கிற சொல்லே துருக்கியில இருந்து வந்துச்சுன்னு சொல்லுறவங்களும் இருக்காங்க. நான் அத ஏத்துக்கிறதில்ல. தெற்குல எத்தனையோ பாசையில காசுங்கிற ஒரே அர்த்தத்தோட அது இருக்கு, குறள்லயும் இருக்கு.

கைக்கூலி நீங்க சொல்லுறதுதான். அதே சொல்லுக்கு எங்க பக்கத்துல லஞ்சம்னும் ஒரு அர்த்தம் இருக்கு, வெளியில தெரியாம கைக்குள்ள வைக்கிற காசு. அத வாங்கிட்டு அடுத்தவனுக்கு வேலை செய்யிற ஆளையும் கைக்கூலின்னு ஏசுவாங்க. பாருங்க, இதுலயும் காசு ஆளாயிருச்சு, இத வெள்ளைக்காரன் செய்யல, நாமளே செஞ்சது.

கேள்வி: எனக்கு வயசு எழுவத்தெட்டு. எங்க தகப்பன நடுரோட்டுல வச்சு அந்தச் சொல்லால ஏசினத நான் கண்ணால பாத்தவன். அத நல்ல சொல்லுன்னு எழுத ஒங்களுக்கு எப்புடி மனசு வந்துச்சு? (பதுளை)

பதில்: ஐயா, ஒங்க கடிதாச மூனு தடவை வாசிச்சேன். ஒரு வரியில எழுதிட்டுப் போற விசயம் இல்ல இது, அது என் பிழை, மன்னிச்சுக்குங்க. எங்க அப்பாவோட பொறப்பு சேர்ட்டிபிகேட் என்கிட்ட இருக்கு. அதுல தகப்பன் தொழில்ங்கிற எடத்துல மை மங்கிப் போயி அந்த ஒரு சொல்லு. தாத்தா கவ்வாத்து வெட்டுறதுல கெட்டிக்காரர்னு தோட்டமே சொல்லும், எந்த வாதுல கத்தி வச்சா எந்தப் பக்கம் துளிர் வரும்னு பாத்து வெட்டுவாராம், அதெல்லாம் எழுத அந்தக் கடுதாசியில எடம் இல்ல.

காந்தி 1893-ல தென்னாபிரிக்கா போனப்ப அவரக் "கூலி பாரிஸ்டர்"னு கூப்புட்டாங்க. அவரே எழுதியிருக்காரு, அங்க இருந்த வெள்ளைக்காரங்க இந்தியாக்காரங்களைக் கூலின்னும் "சாமி"ன்னும் ஏசினாங்கன்னு. சாமி! தமிழ்ப் பேருக்குப் பின்னால ராமசாமி, முனுசாமின்னு வருமே அந்தச் சாமி. அதுக்கு அர்த்தம் எஜமான், சாமர்த்தியமுள்ள இந்தியாக்காரங்க அப்புடிக் கூப்புட்டவங்ககிட்ட அதச் சொல்லியே காட்டுவாங்கன்னும் காந்தி எழுதியிருக்காரு. நான் சொல்ல வந்தது அதத்தான் ஐயா. கடவுளோட பேரையே வசவா மாத்தினவங்க ஏசுறதுக்குன்னு ஒரு சொல்லத் தேடி அலையல, எங்க வாயில இருந்து எது வந்துச்சோ அத எடுத்தாங்க. அவங்க எடுத்ததுனால சொல்லு அவங்களோடது ஆயிருமா, அதுதான் என் வாதம்.

ஆனா ஒரு ஆளைப் பாத்து அந்தச் சொல்லச் சொல்லுறது அன்னைக்கும் பிழை, இன்னைக்கும் பிழை, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. இந்தியாவுல ரயில்வே, ஸ்டேசன்ல சுமை தூக்குறவங்களுக்கு இருந்த அந்தப் பேர 2016-ல நிப்பாட்டி "சஹாயக்"னு மாத்திச்சு, ஒதவியாளர்னு அர்த்தம். மொரிசியஸ்ல கப்பல்ல இருந்து நம்மாளுங்க எறங்கின படிக்கட்டுக்கு முந்தி "கூலி காட்"னு பேரு, இப்ப ஆப்ரவாசி காட், குடியேறினவங்களோட துறை. 2006-ல யுனெஸ்கோ அத உலக மரபுச் சின்னமாக்கிச்சு. அதே மொரிசியஸ்ல கால் டொராபுல்லின்னு ஒரு கவிஞர், அவர் வேற வழி எடுத்தாரு, அந்தச் சொல்ல ஒளிக்காம அதுல இருந்தே "கூலிடியூட்"னு புதுச் சொல்லு ஒன்ன உண்டாக்கி, கடல் தாண்டிப் போன எல்லாருக்கும் பொதுவான ஒரு அடையாளமாக் குடுத்தாரு. மாத்தினவங்களும் சரி, கையில எடுத்தவங்களும் சரி. ஒங்க தகப்பனார ஏசினத நேருல பாத்த ஒங்களுக்கு ரெண்டும் வேணாம்னு இருந்தா அதுவும் சரிதான் ஐயா.

கேள்வி: சேர், ஸ்கொலர்சிப் ஃபோம்ல அம்மாவோட தொழில்ங்கிற எடத்துல என்ன எழுதுறது? ஒரு ஒபிஸ்ல உள்ளவரு "கூலி"ன்னு போட்டாப் போதும்னு சொல்லுறாரு. (லிந்துலை)

பதில்: போடாதீங்க தம்பி. "தேயிலைத் தோட்டத் தொழிலாளி"ன்னு முழுசா எழுதுங்க. கட்டம் சின்னதா இருந்தா ரெண்டு வரியா எழுதுங்க. சிங்களத்துல நிரப்பணும்னா "கம்கரு"ன்னு ஒரு சொல்லு இருக்கு, தொழிலாளிதான் அது, அதுக்கு முன்னால "தே வத்து"ன்னு சேத்துக்குங்க. கீழ மாச வருமானம்னு ஒரு எடம் இருக்கும், அங்க அம்மாவுக்கு இந்த மாசம் எத்தனை பேரு விழுந்துச்சுன்னு கேட்டு, அந்தக் கணக்கப் போட்டு எழுதுங்க. அதுதான் கூலி.